தூங்குகிறாள் என்றேன்

அன்று காலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு நான் முதலில் பார்த்தது, தெர்மாமீட்டரின் சின்னத் திரையில் 103.2 என்ற எண். கூடுவாஞ்சேரியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் மாடி அறை. மகளுக்கு அப்போது மூன்றரை வயது. முந்தின நாள் படுக்கும்போதே உடம்பு லேசாகச் சுட்டது. விடிவதற்குள் இப்படி ஏறிவிட்டது. டாக்டர் முன்பு எழுதிக் கொடுத்திருந்த அளவில் மருந்தை ஊட்டி, நெற்றியில் ஈரத் துணியைப் போட்டேன். கொஞ்சம் அரற்றிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு என் மனைவியிடமிருந்து போன் வந்தது. அவள் அப்போது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மத்திய இந்தியாவில் ஒரு சிறிய ஊரில், விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அதனால் எங்களுக்குள் 'நீ'தான்.

"பாப்பா எப்படி இருக்கா?"

"தூங்குறா" என்றேன்.

அது உண்மை. நான் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். மற்றவர்கள் எழுதிய செய்தியைத் திருத்துவதுதான் வேலை. உண்மையான வாக்கியங்களை மட்டுமே வைத்து ஒரு பொய்யைக் கட்டிவிடலாம் என்பது எங்கள் செய்தி மேஜையில் எல்லோருக்கும் தெரியும். அப்படி எழுதிக்கொண்டு வந்த செய்திகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

"சரி, எழுப்பாத. இன்னிக்கு காத்து நல்லா இருக்கு. கெளம்புறேன்" என்றாள். அவள் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபோது, செய்தது சரிதான் என்று நினைத்தேன்.

அவள் பெற்றோர் படாளத்துக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். இவள் அரசுப் பள்ளியில் கணிதமும் இயற்பியலும் எடுத்துப் படித்தாள். பட்டம் முடித்து, சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டியை எடை போட்டு அனுப்பும் கவுன்ட்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டியை உருட்டிக்கொண்டு போகும் பெண் விமானிகளை நாள் முழுவதும் பார்த்தாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நான் அந்தப் பக்கம் போணும்" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சில்லை.

மாணவ விமானியாக இருப்பவர் தொழில்முறை விமானி ஆகும் பாதை வெளியே இருந்து பார்ப்பதைவிட நீளமானது. உடம்பை அங்குலம் அங்குலமாகச் சோதிப்பார்கள். வானிலை, வழி கண்டுபிடிப்பது, வான்வெளிச் சட்டம், இயந்திரம் என்று எழுத்துத் தேர்வுகள். ரேடியோவில் பேசுவதற்குத் தனியாக ஒன்று. பிறகு இருநூறு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பின் உரிமம், அதற்கும் பின்தான் வேலைக்கான வரிசை. பணத்துக்குப் பட்ட பாடு வேறு கதை. இந்தக் கதைக்கு முக்கியமானது ஒரே ஒரு விதி: எழுத்துத் தேர்வில் தேறியது ஐந்து ஆண்டுதான் செல்லும். அதற்குள் மற்ற எல்லாவற்றையும் முடித்து விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் மறுபடி எழுத வேண்டும்.

அவள் முதல் இரண்டு தேர்வுகளை எழுதிய பிறகு மகள் வயிற்றில் வந்தாள். பிறந்து இரண்டு வயது முடியும்வரை பறக்கப் போகவில்லை. போன பிறகு மழை, பழுது, ஆசிரியர் பற்றாக்குறை. ஒரு விமானத்துக்குப் பதினைந்து பேர் காத்திருப்பார்கள். அந்தக் காலை நிலவரப்படி, அந்த இரண்டு தேர்வுகளும் காலாவதியாக நாற்பத்தேழு நாள் இருந்தது. முடிக்க வேண்டியவற்றில் பெரியது ஒரு பயணம்: தன்னந்தனியாக முந்நூறு கடல் மைல். வழியில் இரண்டு வேறு ஊர்களில் இறங்கி ஏறித் திரும்ப வேண்டும். மூன்று வாரம் காத்திருந்து அன்றைக்குத்தான் அவளுக்கு விமானம் கிடைத்திருந்தது.

நான் மறைத்ததற்கு அது பாதிக் காரணம். மீதிக் காரணம், எனக்கு அவள் வீட்டுக்கு வர வேண்டும். பதினாறு மாதமாக அலமாரியில் அவள் சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் விமானங்கள் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே தாழ்ந்து போகும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை என் மகளிடம், "பாரு, உங்கம்மா போறாங்க" என்றார். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அது இல்ல. எங்கம்மாவுது சின்னது" என்றாள். அந்த மாடியில் நின்று நான் அந்தப் பதினாறு மாதத்தில் எத்தனை விமானம் பார்த்திருப்பேன் என்று தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் விமானத்தில் ஏறுவதற்கு முன் விமானி தன்னைத்தானே ஆறு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். உடம்பு சரியா, ஏதாவது மருந்து எடுத்தேனா, மனதில் பாரம் உண்டா, குடித்திருக்கிறேனா, தூங்கினேனா, உணர்ச்சிவசப்பட்டிருக்கிறேனா. ஒன்றுக்குச் சரியான பதில் இல்லையென்றாலும் பறக்கக் கூடாது. கேட்பதும் அவர், பதில் சொல்வதும் அவர். முந்தைய விடுமுறையில் வந்தபோது இதை மாடியில் உட்கார்ந்து எங்களுக்கு விளக்கினாள். கீழ் வீட்டில் இருக்கும் என் மைத்துனன், அவள் தம்பி, கம்பெனி வேன் ஓட்டுகிறவன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"இன்னாக்கா இது, இதெல்லாம் கேட்டுகினு இருந்தா ஜிஎஸ்டி ரோட்ல ஒரு வண்டி ஓடாது."

"அதனாலதான்டா தெனம் ஒருத்தன் முட்டிகினு நிக்கிறான்" என்றாள் அவள்.

ஆக, எனக்கு அந்த விதி தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

எட்டு மணி ஐந்துக்கு அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஓடுபாதை ஓரத்தில் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆரஞ்சு நிறத் துணிக் குழல். கீழே, 'ஒண்ணு முடிஞ்சுது'. முதல் ஊரில் இறங்கிவிட்டாள். கட்டை விரலை உயர்த்திப் பதில் போட்டேன். மகளுக்கு அப்போது ஜுரம் 100.8க்கு இறங்கியிருந்தது. இட்லியில் பாதி சாப்பிட்டாள். வேலை முடிந்தது என்று நான் காபி போட்டுக் குடித்தேன்.

எட்டு நாற்பதுக்கு மகளுக்கு இழுப்பு வந்தது.

கண் மேலே போய்விட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உதட்டோரம் நீலமாக மாறியதைப் பார்த்தேன். எத்தனையோ விபத்துச் செய்திகளைப் பதறாமல் திருத்தியவன் நான். அவளைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கும்போது செருப்பு எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. வாசலில் மைத்துனன் வேனைக் கிளப்பிக்கொண்டிருந்தான். உள்ளே காலை ஷிப்டுக்குப் போகும் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"மாமா, ஏறு, ஏறு. புள்ளைய மடியில போடு." பின்னால் திரும்பி, "மேடம், சார், கோச்சுக்காதீங்க. புள்ளைக்கு இழுக்குது. நேரா செங்கல்பட்டுதான்" என்றான்.

"நீ வண்டிய எடுண்ணே. லாகின் கெடக்குது, லேட்டா போட்டுக்கலாம்" என்றாள் முன் இருக்கையில் இருந்த பெண். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பின்னாலிருந்து ஒருவர் சாவிக் கொத்தை எடுத்து மகளின் கையில் திணிக்க வந்தார்.

"சார், அத உள்ள வைங்க. இரும்பு புடிச்சா நிக்காது." அந்தப் பெண் அவர் கையைத் தள்ளிவிட்டு என்னிடம் திரும்பினாள். "ஒருக்களிச்சு படுக்க வைங்க. வாயில எதுவும் விடாதீங்க, தண்ணி கூட. என் பையனுக்கு ரெண்டு வாட்டி வந்துகீது. தானா நிக்கும். யாராவது டைம் பாருங்க."

கடைசி வரிசையில் ஒரு பையன் போனில் நேரம் பார்த்து நிமிடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். நான்காவது நிமிடம் முடிவதற்குள் இழுப்பு நின்றது. மகள் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெண் தன் துப்பட்டா நுனியால் அவள் வாயோரம் துடைத்தாள். மறைமலை நகர் தாண்டியதும், அவர்கள் எல்லோரும் இறங்க வேண்டிய கம்பெனி வாசல் வந்தது. வேன் அதைக் கடந்து போனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

செங்கல்பட்டில் எங்கள் வழக்கமான குழந்தை மருத்துவர், பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஜுரத்துல வர்ற ஃபிட்ஸ். இந்த வயசுல சில புள்ளைங்களுக்கு வரும். பயப்பட ஒண்ணும் இல்ல. சாயந்தரம்வரைக்கும் இருக்கட்டும்." எல்லாம் முடிந்து மகள் கட்டிலில் தூங்க ஆரம்பித்தபோது ஒன்பதரை.

வேனில் வந்தவர்களுக்கு நன்றி சொல்ல வெளியே போனேன். மைத்துனன் அவர்களை ஏற்றிக்கொண்டிருந்தான். "மாமா, அக்காக்கு குரூப்ல வாய்ஸ் போட்டுட்டேன். பயப்படாதன்னு சொல்லிட்டேன்" என்றான்.

அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவனிடம் எதையும் சொல்லக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவனால் முடிந்திருக்காது. மனதில் இருப்பது வாயில் வராவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

ஒன்பது நாற்பத்தொன்றுக்குப் போன் வந்தது. அவள் இரண்டாவது ஊரில் இறங்கி, இன்ஜினை அணைத்து, போனைத் திறந்திருக்கிறாள்.

"பாப்பா எங்க?"

"ஆஸ்பத்திரில. இப்ப ஒண்ணும் இல்ல. தூங்குறா."

அந்தச் சொல்லை இரண்டாவது முறை சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"எப்பலேர்ந்து ஜுரம்?"

"நேத்து ராத்திரிலேர்ந்து."

"நான் போன் பண்ணப்ப எவ்ளோ?"

"நூத்தி மூணு புள்ளி ரெண்டு."

"வீடியோ போடு."

போட்டேன். மகளின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தேன். "ஒன் கைய எடு. மூச்சு வுடறது தெரியணும்" என்றாள். ஒரு நிமிடத்துக்கும் மேல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் விமானத்தின் இறக்கையும் வெயிலில் காய்ந்த புல்லும் தெரிந்தன. பிறகு, "தம்பிகிட்ட குடு" என்றாள்.

வாசலுக்குப் போனேன்; வேன் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. அவன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். சாவிக் கொத்து உட்பட. முடித்துவிட்டு, "நீ கெளம்புக்கா. நாங்க கீறோம்ல" என்றான்.

"கெளம்பறதா வேணாமான்னு நான் சொல்றேன்டா" என்றாள்.

அவள் கிளம்பவில்லை. பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்து, தான் பறக்கும் நிலையில் இல்லை என்று சொன்னாள். அங்கிருந்த ஆசிரியர் காரணம் கேட்கவில்லை. விமானத்தைக் கயிற்றால் தரையோடு கட்டிவிட்டு நிழலில் போய் உட்காரச் சொன்னார். மதியம் அவரே வேறொருவரோடு காரில் வந்து விமானத்தை ஓட்டிப் போனார். இவள் அந்தக் காரிலேயே நான்கு மணி நேரம் பயணித்துப் பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பினாள். மூன்றில் இரண்டு பகுதி பறந்திருந்தாள். ஆனால் பயணம் முடியாததால் அது கணக்கில் சேராது.

இரண்டு நாள் கழித்து அந்த விமானம் வழக்கமான பராமரிப்புக்குப் போனது. திரும்பி வந்தபோது மழை தொடங்கிவிட்டது. மேகம் தாழ்வாக இருந்தால் மாணவர்களைத் தனியாக விட மாட்டார்கள். நாற்பத்தேழு நாளும் போயின. இரண்டு தேர்வும் காலாவதியாகிவிட்டன. மறுபடி எழுத, புத்தகப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள்.

நான் ஏங்கிய மாதிரியே வீட்டுக்கு வந்தாள். வந்தவள் என்னோடு சண்டை போடவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. மகளைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், மகள் தூங்கும் மதிய நேரத்தில் வரைபடத்தை விரித்து அளவுகோலை வைத்துக் கோடு போட்டாள். மாடியில் துணி உலர்த்தப் போனால் கொடியில் சேலை எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவாள். வானத்தில் சத்தம் கேட்டால் வெண்டைக்காய் நறுக்கும் கை நிற்கும். சத்தம் தேய்ந்து முழுவதும் போன பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். அதன் பிறகுதான் அடுத்த காய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வேனில் திருப்போரூர் வழியாக மாமல்லபுரம் போனோம். கூட்டத்துக்குப் போகாமல் வடக்கே தேவனேரிப் பக்கம் கடலோரத்தில் உட்கார்ந்தோம். மகளும் மாமாவும் நண்டு துரத்திக்கொண்டிருந்தார்கள். கடல் மேலிருந்து ஒரு விமானம் சென்னையை நோக்கி வளைந்து வந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கரையில் நின்ற படகுகளின் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விமானம் எந்தப் பக்கமிருந்து இறங்கும் என்று கொடியை வைத்துக் கணக்குப் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

மூன்று மாதமாகக் கேட்க நினைத்ததை அங்கே கேட்டேன். "அன்னிக்கு நீதான் வீடியோல பாத்தியே. பாப்பா நல்லாத்தான இருந்தா. ஒரு பகுதிதான் மிச்சம். ஏன் கெளம்பல?"

அவள் மணலைக் கையில் அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள்.

"பாப்பா நல்லா இருக்கான்னு எனக்கு அப்ப தெரியும். கண்ணால பாத்தேன். ஆனா மேல போனா ஒரு மணி நேரம் எனக்கு எதுவும் தெரியாது. அந்த ஒரு மணி நேரமும் நீ இன்னும் இன்னா சொல்லாம வுட்டன்னே யோசிச்சுகினு இருப்பேன். அப்படி ஓட்டக் கூடாது."

"நான் பொய் சொல்லல" என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாக இருக்கிறது என்று தெரிந்தது.

"தெரியும். பொய் சொல்லியிருந்தா திட்டிட்டு மறந்திருப்பேன்." கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டாள். "காலைல சொல்லியிருந்தா அன்னிக்கு போமாட்டேன்னு சொல்லியிருப்பேன். அடுத்த நாள் போறவன் என் ரூம்காரியோட ப்ரெண்டுதான். மாத்திக் குடுத்திருப்பான். ஒரு நாள். அவ்ளோதான் ஆயிருக்கும்."

அப்போது மைத்துனன் ஈரக் காலோடு வந்து நின்றான். "இன்னா ரெண்டு பேரும் எழவு வூட்ல உக்காந்த மாதிரி கீறீங்க? மீன் வறுக்கறான் அங்க. வாங்க."

எழுந்து போனோம். அவள் நிறையச் சாப்பிட்டாள். மகள் கேட்ட பஞ்சு மிட்டாயை வாங்கிக் கொடுத்தாள். திரும்பும்போது என் தோளில் சாய்ந்துதான் தூங்கினாள். எங்கள் வாழ்க்கையில் வெளியே தெரிகிற மாற்றம் எதுவும் இல்லை.

ஒருவரைக் கவலையிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து ஒரு செய்தியை நாம் பிடித்து வைக்கிறோம். அந்தச் செய்தியை வைத்து என்ன செய்வது என்று முடிவு எடுக்கும் உரிமை அவருடையது. அந்த உரிமையை நான் அவளுக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். அவளுக்கு வானம் எவ்வளவு வேண்டும் என்று என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. அப்படித் தெரிந்தவன்தான் இதைச் செய்தேன். என் மேஜைக்கு வரும் எந்தச் செய்தியிலும் இப்போது, சொல்லாமல் விட்டது என்ன என்றுதான் முதலில் தேடுகிறேன்.

இரண்டு தேர்விலும் அவள் தேறிவிட்டாள். போன வாரம் பயிற்சிப் பள்ளியிலிருந்து மறுபடி சேர்வதற்கான படிவம் வந்தது. தரையில் உட்கார்ந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய எழுத்தில் நிரப்பினாள். நான் எதிரே உட்கார்ந்து அவளுடைய மருத்துவச் சான்றிதழ் எண்ணை வாசித்துக் கொடுத்தேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் அவள் தம்பியின் பெயரையும் எண்ணையும் எழுதினாள்.